மடக்குச் சக்கரத்தில் விழும் அடி எங்கே போகிறது?

ஆர்.சி. விமானத்தில் (ரிமோட்டில் ஓட்டும் மாதிரி விமானம்) மடங்கும் சக்கரம் பொருத்த நினைப்பவர்கள் முதலில் கேட்பது மோட்டாரின் பலத்தைத்தான். உண்மையில் சக்கரத்தை மடக்குவது சின்ன வேலை. தரையைத் தொடும் நொடியில் விழும் அடி அந்த மோட்டார் வரை போகாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிய வேலை.

சக்கரத்தை மடக்கி இறக்கும் கருவிக்கு ரிட்ராக்ட் என்று பெயர். இன்று அதிகம் புழங்குவது மின்சார ரிட்ராக்ட். உள்ளே ஒரு குட்டி மோட்டார், சில பல்சக்கரங்கள், அவை சுழற்றும் மரை போட்ட தண்டு. தண்டின் மேல் ஒரு நட் நகர நகர, சக்கரக் கால் 90 டிகிரி வரை திரும்புகிறது. தண்டு சுழன்றால் நட் நகரும். நட்டை எவ்வளவு தள்ளினாலும் தண்டு சுழலாது. மரையின் சரிவு அவ்வளவு குறைவு என்பதால் உராய்வே பூட்டாகிவிடுகிறது. கோயம்புத்தூர் லேத் பட்டறைகளில் வேலை பார்த்தவர்களுக்கு இது கைப்பழக்கம்: பொருளைக் கவ்விப் பிடிக்கும் வைஸின் பிடியைச் சுற்றினால்தான் வாய் திறக்கும், வாயை இழுத்துத் திறக்க முடியாது. பேட்டரி தீர்ந்தாலும் இறங்கிய கால் அப்படியே நிற்பது இதனால்தான்.

மோட்டார் எங்கே நிற்க வேண்டும் என்று அதற்கு எப்படித் தெரியும்? பல ரிட்ராக்ட்களில் உள்ளே இருக்கும் சர்க்யூட் மின்னோட்டத்தைக் கவனிக்கிறது. கால் கடைசிவரை போய் முட்டியதும் மின்னோட்டம் எகிறும். உடனே இணைப்பைத் துண்டிக்கும். சக்கரம் இறக்கைக் குழியில் உரசினாலும் மின்னோட்டம் எகிறத்தான் செய்யும். முட்டிவிட்டது என்று நினைத்துப் பாதியிலேயே நின்றுவிடும். அதனால் குழியைச் சக்கரத்தைவிடச் சுற்றிலும் 3 மில்லிமீட்டராவது பெரிதாக வெட்டுங்கள்.

சரி, அடி கடைசியில் எங்கே போகிறது? ஒரு சக்கரத்தைத் தரை பின்னோக்கி 3 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். காலின் நீளம் 12 சென்டிமீட்டர் என்றால் திருப்பு விசை 36 கிலோ-சென்டிமீட்டர். ரிட்ராக்டின் முன் ஸ்க்ரூக்களுக்கும் பின் ஸ்க்ரூக்களுக்கும் இடையே 4 சென்டிமீட்டர்தான் இருந்தால், முன் ஸ்க்ரூக்களை இறக்கையிலிருந்து பிடுங்கும் இழுவை சுமார் 9 கிலோ! மாதிரி விமானம் செய்யப் பயன்படும் லேசான பால்சா மரம் இதைத் தாங்கவே தாங்காது. ரிட்ராக்டைத் திருகி மாட்டக் கெட்டி மரத்தில் இரண்டு சட்டம் எடுத்து, குறைந்தது இரண்டு பிளைவுட் ரிப்களில் (இறக்கைக்கு உருவம் தரும் விலா எலும்பு போன்ற பலகைகள்) துளையிட்டு நுழைத்து, எபாக்ஸி போட்டு ஒட்ட வேண்டும். ஒரே ரிப்பில் ஒட்டிய சட்டம் அந்த ரிப்போடு சேர்ந்து பிய்ந்து வரும்.

பக்கவாட்டில் மடங்கும் காலுக்கு இன்னொரு கணக்கு உண்டு. முன்பின் அடியைக் கால் திரும்பும் அச்சு ஊசியும் சட்டமும் வாங்கிக்கொள்கின்றன. பக்கத்திலிருந்து வரும் அடி நேரே மரைப் பூட்டுக்குப் போகிறது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பாய்ந்து பல்லடம், உடுமலைக் காற்றாலைகளைச் சுழற்றுகிற காற்றில், நம் பக்கத்துக் களத்தில் குறுக்குக் காற்றில் இறங்க நேரும். அப்போது சக்கரம் பக்கவாட்டில் இழுபடும். காலைத் தாங்கும் பகுதி பிளாஸ்டிக்காக இல்லாமல் உலோகமாக இருக்கும் ரிட்ராக்டை நான் வற்புறுத்திச் சொல்வது இதற்காகவே. காலும் சுருள் போட்ட ஸ்பிரிங் கம்பியாக இருந்தால், அடியில் ஒரு பங்கை அதுவே தின்றுவிடும்.

கம்பியை ரிட்ராக்டில் செருகிப் பிடிக்கும் இடத்தில் அரத்தால் ஒரு தட்டையான முகம் தேய்த்து, ஸ்க்ரூவை அதன் மேல் இறுக்குங்கள். உருண்டைக் கம்பியில் இறுக்கினால் முதல் இறக்கத்திலேயே சக்கரம் திரும்பிக்கொள்ளும். எடைச் சமநிலையைச் சக்கரம் மடங்கிய நிலையில் பார்ப்பது முக்கியம். கால்கள் பின்னோக்கி மடங்கும் விமானத்தில் எடை பின்னால் நகர்ந்துவிடும்.

முதல் சில பறப்புகளில் சக்கரத்தை மடக்கவே வேண்டாம். ஒவ்வொரு முறை இறங்கியதும் ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறதா, சட்டம் ஒட்டிய இடத்தில் மயிரிழை விரிசல் தெரிகிறதா என்று பாருங்கள். அப்புறம் மடக்கலாம்.