மழலையர் வகுப்புக்குள் வரும் ஆடியும் ஐப்பசியும்

காலாண்டு விடுமுறை முடிந்து நடக்கும் பெற்றோர் கூட்டத்தில் ஆண்டுதோறும் தவறாமல் ஒரு கேள்வி வரும். எல்.கே.ஜி. படிக்கும் பிள்ளையின் நோட்டைப் புரட்டிக்கொண்டே தாயோ பாட்டியோ கேட்பார்: "மிஸ், ஜூன்ல சேர்த்தோம், ஐப்பசியே வந்துடுச்சு. நோட்டுல பத்துப் பக்கம்கூட எழுதலையே? பக்கத்து வீட்டுப் பையன் அ, ஆ முழுசும் எழுதுறான்." கேட்பவரின் கவலை நியாயமானது. நடவுக்கும் களைபறிக்கும் போய்ச் சேர்த்த கூலியிலிருந்தோ, சிங்கப்பூரிலிருந்து கணவர் அனுப்பும் பணத்திலிருந்தோ கட்டணம் செலுத்தும் ஒருவருக்கு, பிள்ளை கற்றுக்கொண்டதற்குக் கண்ணில் படும் ஒரே சான்று அந்த நோட்டுத்தான். ஆளுக்கு ஐந்து நிமிடம் கிடைக்கும் கூட்டத்தில் இதற்கு முழுப் பதிலையும் என்னால் ஒருமுறைகூடச் சொல்ல முடிந்ததில்லை. மன்னார்குடிப் பக்கத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளோடு இருந்துவரும் ஆசிரியை என்ற முறையில் அந்தப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

கையிலிருந்து தொடங்க வேண்டும். மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உள்ளன. பிறக்கும்போது அவை எட்டும் குருத்தெலும்பாகவே இருக்கின்றன. பிறகு ஒவ்வொன்றாக இறுகி, கடைசி எலும்பு இறுகுவதற்கு எட்டு வயதுக்கு மேல் ஆகிவிடுகிறது. மூன்றரை வயதில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு மூன்றோ நான்கோதான் இறுகியிருக்கும். அந்தக் கையில் பென்சிலைக் கொடுத்து, சுழித்து வளைத்து முடிக்க வேண்டிய 'அ'வையும் 'இ'யையும் எழுதச் சொன்னால், பிள்ளை விரலால் எழுதாமல் தோளால் எழுதும். முகம் சிவக்கும், பென்சில் முனை உடையும், தாள் கிழியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறொரு பள்ளியில், நானே மூன்று வயதுப் பிள்ளைகளின் கையைப் பிடித்து நாளுக்கு ஒரு பக்கம் எழுத வைத்திருக்கிறேன். அவர்களில் ஒரு பெண் பிள்ளை, பல்பத்தைக் கண்டாலே இரண்டு கைகளையும் பாவாடை மடிப்புக்குள் ஒளித்துக்கொள்ளத் தொடங்கினாள். அந்தக் கைகளை வெளியே வரவழைக்க அடுத்து வந்த ஆசிரியைக்கு ஏறக்குறைய ஓராண்டு ஆயிற்று. அதற்குக் காரணம் நான்தான் என்பதை இன்றுவரை மறக்கவில்லை.

பிசைவது, கிழிப்பது, உரிப்பது, ஊற்றுவது, முறுக்குவது, கிள்ளுவது ஆகிய வேலைகள் எல்லாம் விரலை எழுதுவதற்குத் தயார் செய்கின்றன. டெல்டாவில் இவற்றுக்காக எதையும் விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பயிர்ப் பட்டமும் தனக்குரியதைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிடுகிறது. கே.ஜி. என்று நாம் சுருக்கிச் சொல்லும் கிண்டர்கார்ட்டன் என்ற ஜெர்மன் சொல்லுக்கே குழந்தைகளின் தோட்டம் என்றுதான் பொருள். 1840-இல் ஜெர்மன் கல்வியாளர் ஃபுரோபெல் அந்தப் பெயரைச் சூட்டியபோது, பிள்ளைகள் ஆளுக்கொரு சிறு பாத்தியில் செடி வளர்ப்பதும் அவருடைய திட்டத்தில் ஒரு பகுதியாக இருந்தது.

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கப்படும். இருப்புப் போதாத ஆண்டுகளில் அந்த நாள் தள்ளிப்போகும். கல்லணையில் பிரியும் தண்ணீர் வெண்ணாற்றில் இறங்கி, நீடாமங்கலத்தை அடுத்த மூணாறு தலைப்பில் மறுபடியும் பிரிந்து, பாமணியாற்றின் வழியாக எங்கள் பக்கத்துக்கு வந்து சேரும். பள்ளியை ஒட்டிய வாய்க்காலில் அது நுழையும் நாளை முன்கூட்டியே குறித்துவைக்க முடியாது. பிள்ளைகள் சொல்லித்தான் தெரியும். காலை வணக்கம் சொல்லவும் மறந்து "மிஸ், தண்ணி வந்துடுச்சு" என்று நான்கைந்து பேர் ஒரே குரலில் கூவிக்கொண்டு வருவார்கள். நுரை வந்ததையும், சருகு சுழன்று போனதையும், மீன்குஞ்சு கண்டதையும் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு சொல்வார்கள். முழு வாக்கியம் பேசாத பிள்ளையும் அன்றைக்குப் பேசிவிடும்.

அந்த வாரத்தில் நாங்கள் வேறு பாடம் வைத்துக்கொள்வதில்லை. அகலமான அன்னக்கூடைப் பாத்திரம் ஒன்றில் தண்ணீர் நிரப்பி, வீடுகளிலிருந்து கேட்டு வாங்கிவைத்திருக்கும் பழைய அளவுப் பாத்திரங்களான ஆழாக்கு, உழக்கு, படி ஆகியவற்றைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுவோம். சென்ற ஆடியில் நாலரை வயதுப் பையன் ஒருவன் ஆழாக்கால் மொண்டு படியில் ஊற்றிக்கொண்டிருந்தான். முதல் மூன்று முறையும் பாதித் தண்ணீர் தரையில் போயிற்று. நான்காம் முறை இடக்கையால் படியின் விளிம்பை இறுகப் பிடித்து, ஆழாக்கின் வாயை அந்த விளிம்பின் மேலேயே சாய்த்து வைத்து, நாக்கின் நுனி வெளியே தெரிய, மூச்சை அடக்கிக்கொண்டு மெல்லச் சரித்தான். ஒரு சொட்டும் சிந்தவில்லை. படியைக் காலி செய்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினான். விளிம்பு நிறைந்ததும் "எட்டு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். எட்டு ஆழாக்கு ஒரு படி என்று யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்திய இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி, ஊற்றிப் பழகும் வேலைக்கு ஏன் அவ்வளவு முக்கியத்துவம் கொடுத்தார் என்பது இந்த ஒரு காட்சியைக் கண்டவர்களுக்கு விளங்கும்.

அதே பையன் அந்தப் படித் தண்ணீரை ஒடுக்கமான உயர்ந்த பிளாஸ்டிக் ஜாடியில் ஊற்றிவிட்டு, "இப்ப நிறைய ஆயிடுச்சு" என்றான். உயரம் கூடினால் அளவும் கூடிவிட்டது என்று இந்த வயதுப் பிள்ளைகள் நம்புவார்கள் என்பதைச் சுவிட்சர்லாந்து நாட்டு உளவியலாளர் பியாஜே நெடுங்காலத்துக்கு முன்பே காட்டியிருக்கிறார். ஏழு வயதை ஒட்டி அது தானாகத் தெளியும். "தப்பு" என்று சொல்வதால் ஒரு நாள்கூட முன்னதாகத் தெளியாது என்பதால், அதை மறுபடியும் படியிலேயே ஊற்றிப் பார்க்கச் சொல்வதோடு நான் நிறுத்திக்கொண்டேன்.

தண்ணீரைப் பற்றிப் பேசும்போது பெற்றோரிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. நீரில் மூழ்கி இறப்பவர்களில் ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ள பிள்ளைகளின் விகிதமே மிக அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. சிறு பிள்ளை மூழ்கும்போது பெரும்பாலும் கத்துவதில்லை, கையை உயர்த்துவதும் இல்லை. கால் வாளித் தண்ணீரே போதும். ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் அருகில் இல்லாமல் நாங்கள் அன்னக்கூடையை வெளியே எடுப்பதில்லை. விளையாட்டு முடிந்த நொடியே அதைக் கவிழ்த்துவிடுகிறோம். வாய்க்கால் பக்கத்துக் கதவின் பூட்டை ஆயாம்மா நாள்தோறும் இரண்டு முறை இழுத்துப் பார்க்கிறார். வறண்டு கிடந்த கோடையில் பிள்ளை ஓடி விளையாடிய அதே வாய்க்காலில் இப்போது இடுப்பளவு தண்ணீர் ஓடுகிறது என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. அணை திறந்த செய்தி வந்தவுடன் கொல்லைப்புறப் படலைச் சரிசெய்யுங்கள்.

ஆடிப்பெருக்குக்குப் பிள்ளைகளே அரிசி ஊறவைத்து, வெல்லம் நசுக்கிக் காப்பரிசி கலக்குவார்கள். சப்பரத்தில் கயிறு கட்டி இழுப்பார்கள். எல்லா மதத்துப் பிள்ளைகளும் எங்களிடம் படிப்பதால் அதை ஆற்றுக்கு நன்றி சொல்லும் நாளாக வைத்துக்கொள்கிறோம். வழிபாடு அவரவர் வீட்டைச் சேர்ந்தது.

ஆவணி, புரட்டாசியில் சம்பா நடவு நடக்கும்போது வகுப்பில் யார் கெட்டிக்காரர் என்பதே மாறிவிடும். எழுத்து அட்டையைக் கண்டால் பின்வரிசைக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும் ஒரு பெண் பிள்ளை எங்களிடம் இருந்தாள். அவளுடைய அம்மா நடவு ஆள். ஒருநாள் பக்கத்து நாற்றங்காலிலிருந்து கேட்டு வாங்கிய நாற்றைப் பிள்ளைகளின் நடுவே வைத்து, இதை எப்படி முடியாக, அதாவது சிறு கட்டாக, கட்டுவது என்று கேட்டேன். அவள் எழுந்து வந்தாள். கைப்பிடி நாற்றை எடுத்து வேரைத் தரையில் தட்டிச் சமன்படுத்தினாள். இரண்டு நாற்றுத் தாளை உருவிச் சுற்றி, ஒரு முறுக்கு முறுக்கி, நுனியை உள்ளே செருகினாள். பிறகு மற்றவர்கள் எல்லாரும் அவளிடம் வரிசையில் நின்று கற்றுக்கொண்டார்கள். "ரொம்ப இறுக்காதே, குருத்து நசுங்கிடும்" என்று அவள் சொன்ன தொனி முழுக்க முழுக்க அவள் அம்மாவினுடையது. பென்சிலைப் பிடிப்பதற்கு வேண்டிய அதே மூன்று விரல்கள்தான் அந்த முறுக்கையும் போட்டன. தாயின் தொழில் வகுப்பறையில் மதிக்கப்படுவதைத் தன் கண்ணால் கண்ட பிள்ளை அதற்குப் பிறகு பின்வரிசைக்குப் போகவில்லை.

நவராத்திரி சமயத்தில் களிமண்ணும் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையும் வகுப்புக்கு வரும். தள்ளிவிட்டாலும் எழுந்து நிற்பதன் காரணம் அடியில் இருக்கும் கனம் என்பதை, தாங்களே மண்ணில் செய்து பார்த்துப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொள்ளும். நேரான ஒரு பாட்டிலை முற்றத்தில் வைத்து, காலையில் நீர்மட்டத்துக்கு நேராக ஒரு கோடு போடுவது அன்றைய மானிட்டரின் வேலை. வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளைகளும் ஆயாம்மாவும் பள்ளியைச் சுற்றிவந்து கொட்டாங்கச்சி, பூந்தொட்டித் தட்டு, உடைந்த பொம்மை என எதில் நீர் தேங்கியிருந்தாலும் கவிழ்ப்பார்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய நல்ல நீரில்தான் முட்டையிடுகிறது. முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும் என்பதால்தான் வாரம் தவறக்கூடாது என்கிறோம். பிள்ளை வீட்டுக்கு வந்து ஃபிரிட்ஜின் பின்னாலுள்ள தட்டை இழுத்துக் காட்டச் சொன்னால் தயவுசெய்து அதட்டாதீர்கள்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கத்தில் கரையைக் கடந்தது. நாள்கள் கழித்துப் பள்ளி திறந்தபோது, பிள்ளைகள் மரக்கட்டைகளை வரிசையாக நிறுத்தி, "உய்ய்" என்று வாயால் ஊதிச் சாய்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு பையன் ஈர்க்குச்சிகளைத் தரையில் பரப்பி, "இது எங்க தென்னந்தோப்பு" என்றான். எங்களில் சிலர் அந்த விளையாட்டை நிறுத்திவிட வேண்டும் என்று நினைத்தோம். நிறுத்தாமல் விட்டதே சரி என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். பெரியவர்கள் நூறு முறை பேசி ஆற்றிக்கொள்வதைப் பிள்ளைகள் நூறு முறை விளையாடி ஆற்றிக்கொள்கிறார்கள். மூன்றாவது வாரத்தில் ஒரு பெண் பிள்ளை கட்டைகளுக்குக் கயிறு கட்டி முட்டுக் கொடுத்தாள். காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தி வரும் நாள்களில் தொலைக்காட்சியைத் தொடர்ந்து ஓடவிடாமல், "மழை பலமா வரும், நாம எல்லாரும் ஒண்ணா இருப்போம், டார்ச்சு இங்கே இருக்கு" என்று மூன்றே வாக்கியங்களில் பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்.

தையில் அறுவடை. கரும்பு, மஞ்சள் கொத்து, பனங்கிழங்கு என்று கை நிறைய வேலை இருக்கும். சம்பா அறுப்புக்குச் சில நாள் முன்பு ஈரத்தில் தெளித்த உளுந்தும் பயறும் மாசியில் பூப்பதைப் பார்க்க வரப்பு வரை போவோம். இங்கே இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, உளுந்து, பயறு போன்றவற்றைச் சிறு பிள்ளைகள் மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்வார்கள். மூக்கில் ஊறிய பயறு உப்பி அடைத்துக்கொள்ளும், தொண்டையில் போன நிலக்கடலை உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே விதை பிரிக்கும் தட்டு ஆசிரியையின் மடியருகில் மட்டுமே இருக்க வேண்டும். மற்றொன்று, பொங்கல் விழாவுக்கு அழகாக இருக்கும் என்று பள்ளிக்குள் கீற்றுக் குடிசை போட்டு, அருகிலேயே அடுப்பு மூட்டுவது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் கீற்றுக் கூரையில் பிடித்த தீ 94 குழந்தைகளைக் கொண்டுபோனது. அந்த மண்ணில் இருந்துகொண்டு, விழாவுக்காக ஒரு நாள்தானே என்று யாரும் சொல்லக் கூடாது. உங்கள் பிள்ளையின் பள்ளியில் அப்படிப் பந்தல் போட்டால் போய்க் கேளுங்கள்.

பருவகாலச் செயல்பாடு என்ற பெயரில் இப்போது பல இடங்களில் நடப்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. மழை நாள் என்று அறிவித்துப் பிள்ளைகளை நீலச் சட்டையில் வரச் சொல்வதும், உழவர் நாள் என்று தலைப்பாகை கட்டிப் பிளாஸ்டிக் மண்வெட்டியோடு நிற்கவைத்துப் படம் எடுப்பதும் பெற்றோருக்குச் செலவைத் தருகின்றனவே ஒழிய, பிள்ளையின் விரலுக்கோ நாவுக்கோ எதையும் தருவதில்லை. ஈர மண் ஒரு கைப்பிடி அதைவிட மேல்.

எழுத்து வேண்டாம் என்பது என் வாதம் இல்லை. யு.கே.ஜி. வகுப்பில், கை தயாரான பிள்ளைக்கு ட, ப, ம என்று நேர்கோடு மிகுந்த எழுத்துகளில் தொடங்கி, சுழி எழுத்துகளுக்குப் பிறகு வருகிறோம். அப்போது பெரும்பாலான பிள்ளைகள் சில வாரங்களிலேயே பிடித்துக்கொள்கிறார்கள். அதுவரை வீட்டில் "இன்னைக்கு என்ன எழுதினே?" என்ற கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டு, "பாட்டில்ல கோடு எங்கே வந்துச்சு?", "யார் பக்கத்துல உட்கார்ந்தே?", "வாய்க்கால்ல என்ன போச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். கூட்டத்தில் நோட்டைக் காட்டிக் கேட்ட தாய் ஒருவர், மறுநாள் மாலை பள்ளி வாசலில் தன் மகளிடம் அப்படிக் கேட்டதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, மூன்று விரல்களை நிமிர்த்திக் காட்டி அந்தப் பிள்ளை சொன்னது: "நேத்து துறையில அஞ்சு படிக்கட்டு தெரிஞ்சுச்சும்மா. இன்னைக்கு மூணுதான் இருக்கு, ரெண்டு தண்ணிக்குள்ள போயிடுச்சு."