பற்றீரியாவில் விளையும் மனிதப் புரதம்

பிரட்டக்சின் என்ற புரதம் ஆய்வுகூடங்களுக்கென்று சிறு குப்பிகளில் விற்கப்படுகிறது. குப்பியில் "மனிதர், 81–210" என்ற மாதிரி எழுதியிருக்கும். ஆனால் அது எந்த மனித உடம்பிலிருந்தும் எடுத்ததல்ல. மனிதப் பரம்பரையலகை ஈ.கோலி பற்றீரியாவுக்குள் செலுத்தி, அதைக்கொண்டு செய்வித்த மீளச்சேர்த்த புரதம். யாழ்ப்பாணத்தில் உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இன்சுலினின் கதை தெரிந்திருக்கும்: 1978இல் பற்றீரியாவில் செய்யப்பட்டு, 1982இல் மருந்தாக அனுமதி பெற்றது. பிரட்டக்சினும் அதே வழியில்தான் வருகிறது. ஆனால் இது கலத்துக்குச் சக்தி தயாரிக்கும் இழைமணிக்குள் வேலை செய்யும் புரதம், அதனால் சிக்கல் கூடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த இடமும் அந்தச் சிக்கல்தான்.

இழைமணிக்குச் சொந்தமாக டி.என்.ஏ. உண்டு. அதிலுள்ள 37 பரம்பரையலகுகளில் புரதத்துக்கானவை 13 மட்டுமே. உள்ளே வேலை செய்யும் புரதங்களோ ஆயிரத்துக்கு மேல். மிச்சமெல்லாம் கருவின் கட்டளைப்படி குழியவுருவில் உருவாகி உள்ளே போகின்றன. பிரட்டக்சின் அவற்றிலொன்று. இரும்பும் கந்தகமும் சேர்ந்த சிறு கொத்துகளை இழைமணி கட்டுவதற்கு அது உதவுகிறது. அந்தக் கொத்துகள் இல்லாவிட்டால் கலச்சுவாசத்தின் நொதியங்கள் பல இயங்கமாட்டா.

பிரட்டக்சின் குறைந்தால் வருவது பிரீட்ரைக் அட்டாக்சியா என்ற நோய். பெரும்பாலும் பள்ளிக்கூட வயதில் நடை தள்ளாடத் தொடங்கும். பிறகு பேச்சுக் குழறும், இதயத் தசை தடிக்கும். தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் நோய். சொந்தத்துக்குள் கல்யாணம் செய்யும் குடும்பங்களில் இத்தகைய நோய்களுக்கு வாய்ப்புக் கூட. நோயின் காரணம் 1996இல் தெரியவந்தது. பரம்பரையலகில் புரதத்துக்கான கட்டளை இல்லாத இடைத்துண்டொன்றில் ஜி.ஏ.ஏ. என்ற மூன்றெழுத்து பல நூறு தடவை அடுத்தடுத்து வந்து, பரம்பரையலகு வாசிக்கப்படுவதையே அடக்கிவிடுகிறது. ஆக, பெரும்பாலான நோயாளிகளில் புரதத்தின் வடிவத்தில் பிழையில்லை. அளவுதான் போதாது.

இதைச் சொன்னதும், "அப்ப இன்சுலின் மாதிரி இதையும் ஊசியாப் போடலாம்தானே?" என்று யாராவது கேட்பார்கள். கேட்கவேண்டிய கேள்வி. இன்சுலின் கலத்தின் வெளிப்புறத்திலுள்ள வாங்கியில் ஒட்டினாலே போதும். பிரட்டக்சினோ கலமென்சவ்வையும் இழைமணியின் இரண்டு மென்சவ்வுகளையும் தாண்டவேண்டும். உடம்பு அதை முதலில் 210 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலியாகச் செய்கிறது. இழைமணி அதை அடையாளம் கண்டு உள்ளே இழுப்பதற்கான பகுதி முன்னாலேயே இருக்கிறது. உள்ளே போனதும் ஒரு நொதியம் முதலில் 41க்குப் பிறகும், அடுத்து 80க்குப் பிறகும் வெட்டுகிறது. மிஞ்சும் 130தான் வேலை செய்யும் புரதம். குப்பியில் இருப்பது அந்த 81–210 மட்டுமே. ஊசியில் ஏற்றினாலும் இழைமணிக்குள் போக அதற்கு வழியில்லை. முன்பகுதியை வெட்டாமல் விட்டு, கலத்துக்குள் நுழைய உதவும் இன்னொரு துண்டையும் ஒட்டிய புரதமொன்று நோயாளிகளில் பரிசோதிக்கப்படுகிறது. அது வேறு பொருள்.

பற்றீரியாவுக்கு இழைமணி இல்லை, ஆகவே வெட்டும் வேலையை ஆய்வாளர் முன்கூட்டியே செய்துவிடுகிறார். 81ஆம் அமினோ அமிலத்திலிருந்து தொடங்கும் டி.என்.ஏ.யை, இடைத்துண்டு எதுவுமில்லாமல், பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ. வளையத்தில் வைத்து, புரதத்தின் ஒரு முனையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் ஆறு வரும்படியும் எழுதிக்கொள்கிறார். 37 பாகையில் பற்றீரியா பெருகித் திரவம் கலங்கியதும் ஐ.பி.ரி.ஜி. என்ற இரசாயனத்தைச் சேர்த்தால் புரத உற்பத்தி தொடங்கும். அப்போது வெப்பநிலையை 18 பாகை அளவுக்கு இறக்கி, இரவு முழுக்கக் குலுக்கவிடுவதுண்டு. அவசரத்தில் உருவாகும் புரதம் சரியாக மடியாமல் கட்டிபட்டுவிடும்.

காலையில் பற்றீரியாவை உடைத்து, அந்தச் சாற்றை நிக்கல் ஏற்றிய மணிகள் நிரம்பிய குழாயில் ஊற்றுவார்கள். மணிகள் இளநீல நிறம். ஹிஸ்டிடின் நிக்கலைப் பிடித்துக்கொள்ள, பற்றீரியாவின் மற்றப் புரதங்கள் பெரும்பாலும் வழிந்துபோகும். அடுத்தது இமிடசோல் கரைசல். ஹிஸ்டிடினின் பக்கச்சங்கிலியில் இருப்பதும் இமிடசோல் வளையம்தான். கரைசலிலுள்ளது நிக்கலில் இடம்பிடிக்க, புரதம் கழன்று சொட்டும். பார்த்தால் வெறும் தண்ணீர். ஜெல்லில் ஓட்டி, கூமாசி நீலம் என்ற சாயத்தில் ஊறவைத்த பிறகுதான் 14 கிலோடால்டனுக்குச் சற்று மேலே தடித்த நீலப் பட்டை தெரியும்.

இந்தப் புரதத்தின் முக்கியமான வேலை அளவுகோலாக இருப்பது. நோயாளியின் இரத்தத்தில் பிரட்டக்சின் எவ்வளவு என்று அறிய, அளவு தெரிந்த பிரட்டக்சினை அருகில் வைத்து ஒப்பிடவேண்டும். சிலரில் ஒரு பிரதியில் 130ஆம் இடத்து அமினோ அமிலம் கிளைசினிலிருந்து வாலினாக மாறியிருக்கும். அந்தப் புரதத்தையும் இதே முறையில் செய்து, எங்கே பிசகுகிறது என்று பார்க்கலாம்.

யாழ்ப்பாணத்தில் இதை வைத்து வேலை செய்ய நினைப்பவர்கள் முதலில் குளிரைப் பற்றி யோசிக்கவேண்டும். நீண்ட காலம் வைப்பதற்கு −80 பாகை தேவை. 2022இல் நாட்டில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்றது. உருகித் திரும்ப உறைந்த மீன் சட்டியில் உதிர்ந்துபோகும். புரதமும் ஒவ்வொரு உருகலிலும் மடிப்புக் குலைகிறது. அதனால் கிளிசரோல் சேர்த்து, சிறு குழாய்களில் பிரித்து, ஒரு குழாயை ஒரு தடவைக்கு மட்டும் எடுப்பதே நல்லது. கொழும்பிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர் வந்த பெட்டியில் உலர்பனி தீர்ந்திருந்தால், குப்பியை மையநீக்கியில் சுற்றி, அடியில் படிந்ததை ஒதுக்கி, மேலே மிஞ்சிய புரதத்தை மறுபடி அளந்த பிறகே வேலையைத் தொடங்கவேண்டும். பாதி கட்டிபட்டுப் போன குப்பியில் அச்சிட்ட செறிவை அப்படியே எடுத்துக்கொண்டால், நோயாளியின் இரத்தத்தில் பிரட்டக்சின் உண்மையில் உள்ளதைவிடக் கூடுதலாக இருப்பதாகக் கணக்கு வரும்.