விற்காவிட்டாலும் நஷ்டம் நஷ்டம்தான்

கம்பெனிகளின் காலாண்டு முடிவுகள் வரும் ஒவ்வொரு ரிசல்ட் சீசனிலும் இதே கேள்வியோடு யாராவது வந்துவிடுகிறார்கள். போன வாரம் வந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். 400 ரூபாய்க்கு வாங்கிய சிறிய சாஃப்ட்வேர் கம்பெனிப் பங்கு, மோசமான காலாண்டு முடிவுக்குப் பிறகு 240-ல் நிற்கிறது. விலை இறங்க இறங்க இன்னும் வாங்கி, சராசரி விலையைக் குறைக்க ஆவரேஜ் வேறு செய்திருக்கிறார். செல்போனில் அந்தச் சிவப்பு எண்ணைக் காட்டி, "விற்காத வரைக்கும் இது நஷ்டம் இல்லையே சார்?" என்றார்.

நஷ்டம்தான் ஐயா. நாளைக்கே வீட்டில் ஒரு மருத்துவச் செலவு வந்தால் பங்குக்கு 240தான் கைக்கு வரும். 400 என்பது நீங்கள் முதலில் கொடுத்த விலை. கம்பெனியின் இன்றைய மதிப்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 40 சதவீதம் இறங்கியது பழைய விலைக்கு வர, கிட்டத்தட்ட 67 சதவீதம் ஏற வேண்டும். "பங்குக்குப் பதில் அந்தப் பணம் ரொக்கமாகக் கையில் இருந்தால், இன்று இதையே வாங்குவீர்களா?" என்று கேட்டேன். "மாட்டேன்" என்றார். அப்புறம் எதற்கு வைத்திருக்க வேண்டும்?

"எப்படியும் திரும்பி வரும்" என்கிறார்கள். 2000-ல் மும்பை பங்குத் தரகர் கேதன் பரேக் செயற்கையாக விலை ஏற்றிய 'கே-10' பங்குகளில் இருந்த பென்டாமீடியா, டிஎஸ்க்யூ, எஸ்எஸ்ஐ மூன்றும் சென்னைக் கம்பெனிகள். 2001 சரிவுக்குப் பின் பழைய உச்சத்தை அவை மறுபடி பார்க்கவே இல்லை.

ஸ்டாப்-லாஸ் (குறித்த விலைக்கு இறங்கினால் தானாக விற்கும் ஆர்டர்) போட்டிருக்கிறேன் என்ற தைரியமும் வேண்டாம். ஒரு நாளில் விலை இறங்க அனுமதித்த கீழ் எல்லையான லோயர் சர்க்யூட்டைத் தொட்டுவிட்டால் வாங்க ஆளே இருக்காது. உங்கள் ஆர்டர் வரிசையில் கிடக்கும்.

ஒரு காலாண்டு சறுக்கியதற்காக எல்லாவற்றையும் விற்கச் சொல்லவில்லை. லாபத்தைவிட நான் முதலில் பார்ப்பது, வாடிக்கையாளர்களிடமிருந்து கம்பெனிக்கு வரவேண்டிய பாக்கியை. செப்டம்பர், மார்ச் முடிவுகளோடு பேலன்ஸ் ஷீட்டும் பணப்புழக்க அறிக்கையும் வரும். விற்பனை அப்படியே இருக்க, பாக்கி மட்டும் ஏறிக்கொண்டே போனால் வெளியே வந்துவிடுங்கள். ஆடிட்டர் பாதியில் விலகினால் யோசிக்காமல் விற்றுவிடுங்கள்.

ரிசல்ட் தேதி முன்கூட்டியே தெரியும். இந்த அளவுக்கு விழுந்தால் தாங்க முடியாது என்றால், அதற்கு முன்பே கையில் இருக்கும் பங்குகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள். ஓய்வூதியப் பணத்தை இதில் போடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். விற்று வந்த நஷ்டத்தை, கெடுவுக்குள் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால், அடுத்த 8 ஆண்டுகள் வரை மூலதன லாபத்தில் (பங்கு போன்ற சொத்துகளை விற்று வரும் லாபத்தில்) கழித்துக்கொள்ளலாம்; நீண்டகால நஷ்டத்தை நீண்டகால லாபத்தில் மட்டும். அந்த ஆசிரியருக்கு இதைச் சொன்ன பிறகுதான் விற்கவே மனம் வந்தது.