பாட்டு கேட்டால் போதாது, மீட்டர் வைத்துப் பாருங்கள்

இன்னொரு ஹெட்போன் வந்திருக்கிறது. இடது பக்கம் செத்துவிட்டது. கழற்றினால் வாய்ஸ் காயில் (ஒலி எழுப்பும் கம்பிச்சுருள்) கருகி, எரிந்த வார்னிஷ் வாடை அடிக்கிறது. கொண்டுவந்த மாணவர், தானே கட்டிய ஹெட்போன் ஆம்ப்ளிஃபையரையும் கூடவே எடுத்து வந்திருந்தார். "ஆன் பண்ணதும் நல்லாத்தான் கேட்டுச்சு அண்ணா, அப்புறம் ஒரு பக்கம் நின்னுடுச்சு" என்றார். ஒயரில்தான் கோளாறு என்று நினைத்து, பவரை அணைக்காமலே ஜாக்கை ஆட்டிப் பார்த்திருக்கிறார். ஆடியோ சாதனங்களைப் பழுது பார்க்கும் என் மேசைக்கு இதே பேச்சோடு வருகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

போர்டை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். இடது சேனலில், ஆப்-ஆம்பின் (சிக்னலைப் பெருக்கும் சிப்) இன்புட்டிலிருந்து கிரவுண்டுக்குப் போகும் 100 கிலோ ஓம் ரெசிஸ்டர். 0603 அளவு, அதாவது 1.6 மில்லிமீட்டர் நீளம், 0.8 அகலம். ஒரு முனை நன்றாகப் பிடித்திருந்தது. கிரவுண்டுப் பக்கத்து முனையில் ஈயம், அதாவது சால்டர், பேடில் (பாகத்தை ஒட்டவைக்கும் செம்புத் திட்டு) பரவாமல் உருண்டு நின்றிருந்தது. ரெசிஸ்டர் அந்த உருண்டையின் மேல் சாய்ந்திருந்ததே தவிர, ஒட்டவே இல்லை. வெறும் கண்ணுக்குப் பளபளவென்று நல்ல ஜாயின்ட் மாதிரிதான் தெரிந்தது. ட்வீசர் நுனி பட்டதும் அசைந்தது.

அந்த ரெசிஸ்டர் இல்லாவிட்டாலும் பாட்டு வரும், இன்புட் கெபாசிட்டர் வழியாகச் சிக்னல் போய்விடும். ஆனால் ஆப்-ஆம்பின் பயஸ் கரண்ட்டுக்கு, அதாவது அதன் இன்புட் வேலை செய்ய எப்போதும் தேவைப்படும் மிகச் சிறிய கரண்ட்டுக்கு, வேறு வழி கிடையாது. அவர் போட்டிருந்த ஆப்-ஆம்ப் என்ஈ5532. அதன் பயஸ் கரண்ட் சுமார் 200 நானோ ஆம்பியர். 1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டருடன் சேர்ந்தால் இன்புட் நொடிக்கு 0.2 வோல்ட் ஒரு பக்கமாக ஊர்ந்துகொண்டே போகும். கெயின் (சிக்னலைப் பெருக்கும் மடங்கு) 3 என்றால் அவுட்புட் நொடிக்கு 0.6 வோல்ட். கால் நிமிடத்துக்குள் 8 வோல்ட்டைத் தாண்டிவிடும். பின்னால் தாராளமாகக் கரண்ட் கொடுக்கும் பஃபர் வேறு இருக்கிறது. 32 ஓம் ஹெட்போனில் 8 வோல்ட் என்றால் 0.25 ஆம்பியர், 2 வாட். நாம் சத்தமாக வைத்துக் கேட்கும்போதுகூட ஹெட்போனுக்குப் போவது சில மில்லிவாட்தான். பிறகு காயில் எப்படித் தாங்கும்?

"பாட்டு கேட்கிறது, அப்படியானால் ஆம்ப் சரி." எனக்கு ஆத்திரம் வருவது இந்த நம்பிக்கை மேல்தான். தயவுசெய்து இதைக் கைவிடுங்கள். காதுக்கு டிசி, அதாவது ஒரே பக்கமாக நிற்கும் வோல்டேஜ், கேட்காது. பாட்டின் அடியில் அரை வோல்ட் டிசி உட்கார்ந்திருந்தால் உங்கள் காது சொல்லாது, ஹெட்போனின் டயாஃப்ரம் (அதிர்ந்து ஒலி தரும் சவ்வு) ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டு நிற்கும், அவ்வளவுதான். ஆப்-ஆம்ப் சில மெகாஹெர்ட்ஸில் ஆசிலேட் ஆனாலும், அதாவது தானாகவே அதிர்ந்தாலும், காதுக்குத் தெரியாது, பாட்டு அதன் மேலேயே ஓடிக்கொண்டிருக்கும். சிப் மட்டும் காரணமில்லாமல் கொதிக்கும். சிப்பின் பவர் காலோடு ஒட்டினாற்போல் இருக்க வேண்டிய 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரின் ஒரு முனை விட்டிருந்தாலும் பாட்டு வரும். கிரவுண்டுக்கு ஃபீட்பேக் போகும் ரெசிஸ்டர் விட்டுப்போனாலும் வரும், சத்தம் மட்டும் குறைந்திருக்கும், நீங்கள் வால்யூமைக் கூட்டிக்கொள்வீர்கள். ஆக, பாட்டு கேட்பது சிக்னலுக்கு ஏதோ ஒரு பாதை இருக்கிறது என்பதற்கு மட்டுமே சாட்சி. அதற்கு மேல் எதையும் அது சொல்வதில்லை.

மீட்டர் சொல்லும். முதலில் பவர் கொடுக்காமலே இரண்டு சப்ளைக் கோடுகளுக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஷார்ட் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஆன் செய்யுங்கள். ஹெட்போன் மாட்டாதீர்கள். பிளஸ், மைனஸ் இரண்டும் கிரவுண்டிலிருந்து சமமாக இருக்கின்றனவா? அடுத்து, அவுட்புட் ஜாக்கில் ஒவ்வொரு சேனலையும் கிரவுண்டுக்கு எதிரே டிசி மில்லிவோல்ட்டில் அளந்து பாருங்கள். வால்யூமைக் குறைத்து ஒருமுறை, கூட்டி ஒருமுறை. அப்படியே ஐந்து நிமிடம் விட்டுவிட்டு இன்னொரு முறை. இந்த ஐந்து நிமிடத்தைத் தவறவிடாதீர்கள். மேலே சொன்ன கோளாறில் ஆன் செய்த கணத்தில் மீட்டர் பூஜ்யத்துக்குப் பக்கத்தில்தான் காட்டும், பிறகுதான் ஏறும். ஒவ்வொரு சேனலும் 20 மில்லிவோல்ட்டுக்குள் அசையாமல் நின்றால் நிம்மதி. 50-ஐத் தாண்டினால் காரணம் தெரியும்வரை ஹெட்போன் பக்கம் போகவே கூடாது. எல்லாம் சரி என்றால் ஹெட்போனுக்குப் பதிலாக 33 ஓம் ரெசிஸ்டரை அவுட்புட்டில் போட்டு மறுபடி அளந்து, பிறகு போனால் போகட்டும் என்று விடக்கூடிய பழைய ஹெட்போன் ஒன்றை மாட்டி, கடைசியில்தான் நல்லதைத் தொட வேண்டும்.

2011-இல் வெளியான, பலரும் தாங்களே கட்டும் ஆப்ஜெக்டிவ்2 என்ற ஹெட்போன் ஆம்பில், இரண்டு பேட்டரியில் ஒன்று தீர்ந்தாலும் இரண்டு சப்ளையையும் சேர்த்துத் துண்டிக்க ஒரு தனிச் சுற்றே இருக்கிறது. ஒரு பக்க சப்ளை மட்டும் நின்றால் அவுட்புட்டில் டிசி ஏறி ஹெட்போனைச் சாப்பிட்டுவிடும் என்பதால்தான் அது. நீங்கள் கட்டும் டிசைனில் அப்படி எதுவும் இல்லையென்றால், குறைந்தது அளக்கவாவது செய்யுங்கள்.

சரி, அந்த ஈயம் ஏன் உருண்டது? அந்தப் பேட் கிரவுண்டுத் தளத்தோடு சேர்ந்தது, வைத்த சூட்டையெல்லாம் உறிஞ்சிவிடும். அவருடைய சால்டரிங் அயர்னில் இருந்ததோ ஊசி முனை. பாகம் சின்னது, அதனால் முனையும் ஊசியாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஊசி முனை சூட்டைச் சரியாகக் கடத்தாது. உடனே 420 டிகிரிக்கு ஏற்றுவார்கள், பேட் பிய்ந்து வரும். 2 மில்லிமீட்டர் உளி முனை போடுங்கள், ஈயம் கலந்த சால்டருக்கு 320 முதல் 350 டிகிரி போதும். 63/37 சால்டர் 183 டிகிரியிலேயே உருகிவிடும். ஈயமில்லாத வகைக்கு 217-க்கு மேல் வேண்டும் என்பதால் இன்னும் கொஞ்சம் கூட்டலாம், பழகுகிறவர்களுக்கு அது வேண்டாம். பிறகு ஃப்ளக்ஸ், ஈயம் நன்றாகப் பரவ உதவும் பசை. தனியாக, தாராளமாக. கம்பிக்குள் இருக்கும் ஃப்ளக்ஸ் போதவே போதாது. குழாய் வேலைக்கு விற்கும் ஆசிட் ஃப்ளக்ஸைப் போர்டில் தடவிக்கொண்டு வருகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள், அது நாளடைவில் செம்பை அரித்துவிடும். வேலை முடிந்ததும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் கழுவி, பத்து மடங்கு லென்ஸில் ஒவ்வொரு முனையையும் பாருங்கள். ஈயம் பேடிலும் பாகத்திலும் ஏறி, உள்வளைவாகச் சரிந்திருக்க வேண்டும்.

செராமிக் கெபாசிட்டரின் உடம்பில் முனையை வைக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும், மாதங்கள் கழித்து ஷார்ட் ஆகும். அதில் மதிப்பு எதுவும் அச்சிட்டிருக்காது, எனவே பாகங்கள் வரும் டேப்புகளையெல்லாம் பிரித்து ஒரே தட்டில் கொட்டிவிட்டுத் தேடாதீர்கள்.

திசையும் முக்கியம். அலுமினிய எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரில் பட்டை இருக்கும் பக்கம் மைனஸ். டான்டலம் கெபாசிட்டரில் பட்டை இருக்கும் பக்கம் பிளஸ். இதை மாற்றிப் போட்டு டான்டலம் தீப்பிடித்த போர்டுகள் என்னிடம் வந்திருக்கின்றன. எட்டுக் கால் இரட்டை ஆப்-ஆம்பைத் தலைகீழாக வைத்தால் 4-ம் காலும் 8-ம் காலும் இடம் மாறும், அதாவது சப்ளையே தலைகீழ். அப்புறம் ரெசிஸ்டரில் 100 என்று எழுதியிருந்தால் அது 10 ஓம், 100 ஓமுக்கு 101 என்றிருக்கும். வாங்கும்போது 0603 என்பது அங்குலக் குறியா, மெட்ரிக் குறியா என்றும் பாருங்கள். மெட்ரிக் 0603 வெறும் 0.6 மில்லிமீட்டர் நீளம், அதைக் கையால் பற்றவைப்பது பழகியவர்களுக்கே சிரமம்.

புகையைப் பற்றி ஒரு வார்த்தை. ஈயம் ஆவியாகி மூக்கில் ஏறும் என்று பயப்படுகிறார்கள். ஈயத்தின் கொதிநிலை 1749 டிகிரி, உங்கள் அயர்ன் அந்தப் பக்கமே போகாது. ஆனால் ரோசின் ஃப்ளக்ஸ் புகை ஆஸ்துமாவைக் கொண்டுவரும். ஒரு சின்ன ஃபேன் வைத்து, புகையை முகத்திலிருந்து விலக்கி வெளியே இழுக்க வையுங்கள். ஈயம் கை வழியாக வாய்க்குத்தான் போகும். சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கெயின் விஷயத்திலும் பேராசை வேண்டாம். 11 மடங்கு கெயின் பழைய டிசைன்களில் சாதாரணம். ஒரு மில்லிவாட்டுக்கு 100 டெசிபல் தரும் 32 ஓம் ஹெட்போனில் 1 வோல்ட் கொடுத்தாலே 115 டெசிபலுக்குப் பக்கத்தில் வந்துவிடும். பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரம், 80 டெசிபல் என்பதே உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு. பெரும்பாலானவர்களுக்கு 2 அல்லது 3 மடங்கு போதும். காதுக்குள் செருகும் இயர்போன் என்றால் 1 மடங்கே தாராளம். ஆன், ஆஃப் செய்யும்போது 'டப்' என்று சத்தம் வந்தால் அந்த நேரத்தில் ஹெட்போன் காதில் இருக்கக் கூடாது.

மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மரை நீங்களே பெட்டிக்குள் வைக்காதீர்கள். தலையில் மாட்டும் ஹெட்போனோடு இணைந்திருக்கும் சாதனம் இது. பேட்டரியோ, சான்று பெற்ற அடாப்டரோ போதும்.

ஏற்கெனவே கட்டி மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருக்கிறவர்களும் இன்றே ஒருமுறை அளந்துவிடுங்கள். எண் அதிகமாகக் காட்டினால், தயவுசெய்து பேடைத் திரும்பத் திரும்பச் சூடாக்கிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். பழுது பார்ப்பவரிடம் போர்டையும் சர்க்யூட் வரைபடத்தையும், எந்தச் சேனலில் எவ்வளவு மில்லிவோல்ட் என்று எழுதிய ஒரு சீட்டையும் கொண்டு போங்கள். பிய்ந்துபோன பேடை ஒட்டுவதைவிட ஒட்டாத முனையைச் சேர்ப்பது எங்களுக்கு எவ்வளவோ சுலபம்.