வால் சுருண்டால் வீட்டுப் பன்றி, நீண்டால் காட்டுப் பன்றியா?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 2012 ஏப்ரல் 1-லிருந்து சில வகைப் பன்றிகளைக் கொட்டிலில் வைத்திருப்பதே குற்றம். அவிழ்த்துவிட்டால்தான் குற்றம் என்றில்லை, வேலிக்குள் அடைத்துத் தீனி போட்டு வளர்த்தாலும் 2 ஆண்டு வரை சிறை, 20,000 டாலர் வரை அபராதம் உண்டு. அந்தப் பன்றிகளை அயல் ஊடுருவி இனம் என்று மாநிலத்தின் இயற்கை வளத் துறை 2010 டிசம்பரிலேயே அறிவித்துவிட்டது. அமல்படுத்தத்தான் இவ்வளவு நாள் ஆனது.

எந்தப் பன்றி என்று கேட்டால் அங்கேதான் சிக்கல்.

வழக்கமாக இப்படிப்பட்ட தடைகள் இனத்தின் பெயரை வைத்தே வேலை செய்யும். ஆப்பிரிக்கக் கெளுத்தியை எடுத்துக்கொள்ளுங்கள், தமிழ்நாட்டில் அதை வளர்க்கத் தடை இருக்கிறது. குளத்தில் கிடப்பது ஆப்பிரிக்கக் கெளுத்தியா நாட்டுக் கெளுத்தியா என்று பார்த்துச் சொல்ல முடியும், ஏனென்றால் இரண்டும் வேறு வேறு இனம். பன்றியில் அந்த வசதி இல்லை. பண்ணையில் வளரும் வெள்ளைப் பன்றி, ரஷ்யக் காட்டுப்பன்றி, நம் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் வாழைத்தோப்பைக் கிளறிவிட்டுப் போகும் காட்டுப்பன்றி, எல்லாமே உயிரியல்படி சஸ் ஸ்குரோஃபா என்ற ஒரே இனம்தான். நம் ஊரில் அது பூர்வீக விலங்கு, வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பும் உண்டு. அமெரிக்கக் கண்டத்திலோ மனிதன் கொண்டுபோகும் வரை இந்த இனமே கிடையாது. ஆக அங்கே ஒவ்வொரு பன்றியும் அயல் இனம், அதில் பெரும்பாலானவை பல கோடி மக்களின் சாப்பாடும்கூட. இனத்தின் பெயரைச் சொல்லித் தடை போட்டால் மொத்தப் பன்றித் தொழிலும் படுத்துவிடும். மிச்சிகன் ஆணையும் வீட்டுப் பன்றிக்கு விலக்கு கொடுத்துத்தான் வந்தது. வீட்டுப் பன்றி என்றால் எது என்பதைத்தான் யாராலும் சுலபமாகச் சொல்ல முடியவில்லை.

இவ்வளவு கடுமை எதற்கு என்று தோன்றலாம். 1539-ல் ஸ்பெயின்காரர் ஹெர்னாண்டோ டி சோட்டோ ஃபுளோரிடாவில் இறங்கும்போது 13 பன்றிகளை ஓட்டி வந்தார், சாப்பாட்டுக்கு. அப்புறம் குடியேறியவர்களும் பன்றிகளைக் காட்டில் மேயவிட்டே வளர்த்தார்கள், தப்பியவை தப்பின. 1912-ல் வட கரோலினாவின் ஹூப்பர் பால்ட் என்ற மலையில் பணக்காரர்கள் வேட்டையாடுவதற்காக ஐரோப்பியக் காட்டுப்பன்றிகள் இறக்கப்பட்டன. அவையும் வேலியை உடைத்துக்கொண்டு போயின. இரண்டும் கலந்த சந்ததிதான் இன்று சுமார் 35 மாநிலங்களில் திரிகிறது, எண்ணிக்கை 60 லட்சத்துக்கு மேல் என்கிறது அமெரிக்க மத்திய வேளாண் துறை.

பன்றி மற்ற வளர்ப்பு விலங்குகளைப் போல இல்லை. ஓடிப்போன மாடு ஆண்டுக்கு ஒரு கன்று போடும், இது ஒரு வயது நிரம்பும் முன்பே சினையாகி ஒரே ஈற்றில் 4 முதல் 6 குட்டிகள் போடும், தீனி நன்றாகக் கிடைத்தால் ஆண்டுக்கு இரண்டு ஈற்று. கூட்டத்தில் ஆண்டுதோறும் சுமார் 70 சதவீதத்தை அகற்றினால்தான் எண்ணிக்கை ஏறாமல் நிற்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். குறைவதற்கு அல்ல, நிற்பதற்கு. கிழங்கும் மண்புழுவும் தேடி மூக்கால் நிலத்தை உழுதுவிடும், விதைத்த சோளத்தை வரிசை பிடித்தபடியே தோண்டித் தின்னும், தரையில் கூடு கட்டும் பறவையின் முட்டை, ஆமை முட்டை எதையும் விடாது. அப்புறம் நோய். அமெரிக்கப் பண்ணைப் பன்றிகளில் சூடோரேபீஸ் என்ற வைரஸ் நோயை 2004-ல் ஒழித்துவிட்டார்கள், ஆனால் காட்டில் திரியும் பன்றிகளில் அது இன்னும் இருக்கிறது. பெரிய பன்றிப் பண்ணையாளர்களின் சங்கம் இந்தத் தடைக்கு ஆதரவாக நின்றதற்கு இதுவே போதுமான காரணம். சிறு பண்ணைகளை ஒழிக்கும் சதி என்று எதிர்த்தரப்பு சொன்னது. சதி என்று சொல்ல எனக்கு ஆதாரம் எதுவும் தெரியவில்லை, ஆனால் ஆணையின் முழு வலியும் விழுந்தது சிறு பண்ணைகள் மீதும், காசு வாங்கிக்கொண்டு வேட்டையாட விடும் வேட்டைப் பண்ணைகள் மீதும்தான் என்பதை மறுக்க முடியாது.

சரி, அடையாளத்துக்கு வருவோம். தடைக்குள் வரும் பன்றியைக் கண்டுபிடிப்பது எப்படி என்று 2011 டிசம்பரில் மிச்சிகனின் இயற்கை வளத் துறை ஒரு பட்டியல் வெளியிட்டது. மயிர் நுனி வெளுத்திருப்பது, காது, மூக்கு, கால் ஆகியவற்றின் கருமை, மயிரின் பொதுவான நிறம், அடிமயிர், குட்டியின் உடம்பில் கோடுகள், எலும்பமைப்பு, வால், காது என்று எட்டு. ஒன்பதாவது, துறைக்கு இப்போதைக்குத் தெரியாத பிற அடையாளங்கள். ஆமாம், தெரியாததையும் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். தூய காட்டுப்பன்றிக்கு வால் நேராக இருக்குமாம், கலப்பினத்துக்கு நேராகவும் இருக்கலாம், சுருண்டும் இருக்கலாமாம். காதும் அப்படித்தான், விறைத்தும் நிற்கலாம், தொங்கவும் செய்யலாம். இதைப் படித்த ஒரு பன்றி வளர்ப்பாளர் தன் கொட்டிலைப் பார்த்து என்ன முடிவுக்கு வருவார்?

குட்டியின் கோடுகளுக்குப் பின்னால் மட்டும் உருப்படியான அறிவியல் இருக்கிறது. மயிரின் நிறத்தைத் தீர்மானிப்பதில் எம்சி1ஆர் என்ற மரபணுவுக்குப் பெரிய பங்கு. ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் உள்ள பன்றிகளில் இதை ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2009-ல் வந்தது. காட்டுப்பன்றிகளில் இந்த மரபணுவின் டிஎன்ஏ எழுத்துகள் அங்கங்கே மாறியிருந்தாலும் அது தயாரிக்கும் புரதம் மாறவில்லை. நிறம் மாறிய குட்டி புதரில் பளிச்சென்று தெரிந்து ஓநாய் வாயில் போயிருக்கும், அதனால் அந்த மாற்றங்கள் நிலைக்கவில்லை. வீட்டுப் பன்றிகளில் நிலைமை தலைகீழ், புரதத்தையே மாற்றும் பிறழ்வுகள் அடுத்தடுத்துக் குவிந்திருந்தன. கறுப்பு, வெள்ளை, புள்ளி என்று வித்தியாசமாகப் பிறந்ததை மனிதர்கள் தேடித் தேடி வைத்துக்கொண்டதன் விளைவு அது. ஆக கோடு இருந்தால் காட்டு ரத்தம் என்று சொல்லலாம்போலத் தோன்றும். ஆனால் ஹங்கேரியின் மங்கலிட்சா இருக்கிறதே, செம்மறியாட்டைப் போலச் சுருட்டை மயிர் உள்ள, கொழுப்புக்குப் பேர்போன அசல் வீட்டு இனம், அதன் குட்டிகளும் கோடு போட்டுத்தான் பிறக்கும்.

குரோமோசோமை எண்ணிப் பார்க்கலாமே என்றால் அதுவும் பாதிதான் உதவும். வீட்டுப் பன்றிக்கு 38, மேற்கு ஐரோப்பியக் காட்டுப்பன்றிக்கு 36, இரண்டும் சேர்ந்தால் 37. இரண்டு குரோமோசோம்கள் ஒட்டிக்கொண்டதால் வந்த வித்தியாசம் இது, குட்டி போடுவதற்குப் பெரிய தடை இல்லை. ஆசியக் காட்டுப்பன்றிகளுக்கோ வீட்டுப் பன்றியைப் போலவே 38. ஆகவே 36 என்று வந்தால் சந்தேகப்படலாம், 38 என்று வந்தால் ஒன்றும் தெரியாது. கோரைப்பல்லை வைத்துச் சொல்வதும் வீண். பண்ணைப் பன்றிக்குக் கோரைப்பல் நீளாததற்குக் காரணம் ஏறக்குறைய ஆறு மாதத்தில் அது கறிக்கடைக்குப் போய்விடுவதுதான், வாழவிட்டால் அதற்கும் நீளும்.

மங்கலிட்சாவையும் ரஷ்யப் பன்றியையும் கலந்து வளர்த்த ஒரு விவசாயி துறையுடன் வழக்காடினார். 2014-ல், அவரிடம் இருக்கும் பன்றிகள் தடைக்குள் வராது என்று துறையே ஏற்றுக்கொள்ள, வழக்கு முடிந்தது. வேறு சிலர் வேறொரு நீதிமன்றத்தில் போட்ட வழக்கில் முதலில் ஆணைக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது, ஆனால் 2015-ல் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆணை செல்லும் என்று சொல்லிவிட்டது.

என் பார்வையில் நோக்கம் சரி, பிடித்த இடம் தவறு. ஒரு பன்றி ஊடுருவியாக மாறுவதற்கு அதன் வாலும் மயிரும் முக்கியக் காரணமில்லை, வேலிக்கு வெளியே போனதுதான் காரணம். கனடாவைப் பாருங்கள். 1980, 90-களில் அங்கே விவசாயிகளின் வருமானம் பெருகட்டும் என்று காட்டுப்பன்றி வளர்ப்பை ஊக்குவித்தார்கள். எதிர்பார்த்த சந்தை அமையவில்லை, தீனிச் செலவுக்குக்கூடக் கட்டாமல் சிலர் திறந்துவிட்டார்கள், பல தாமாகவே தப்பின. பனியில் செத்துவிடும் என்று நினைத்தார்கள். அவை கோரைப்புல்லைச் சேர்த்து, பனிக்குள் குடைந்து படுக்கை அமைத்துப் பிழைத்துக்கொண்டன. உடம்பளவும் பெரிய ஈற்றும் வீட்டுப் பன்றியிடமிருந்து, குளிர் தாங்கும் மயிர் காட்டுப்பன்றியிடமிருந்து என்று கலப்பினத்துக்கு இரண்டு பக்கத்து லாபம்.

இதைப் பார்த்துத்தானோ என்னவோ, மிச்சிகனுக்குப் பக்கத்தில் இருக்கும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் வேறு மாதிரி விதி எழுதியது. யூரேசியக் காட்டுப்பன்றி வளர்ப்பைத் தடை செய்யும் அந்த விதி 2022 ஜனவரி 1-ல் அமலுக்கு வந்தது, ஏற்கெனவே வளர்த்தவர்களுக்கு அதைக் கைவிட 2024 வரை அவகாசம் தரப்பட்டது. அதோடு, எந்தப் பன்றியாக இருந்தாலும் சரி, வெள்ளைப் பன்றியானாலும், அதைக் காட்டில் விடக்கூடாது.

அந்த விதியில் இன்னொன்றும் இருக்கிறது, முதலில் கேட்டால் விநோதமாக இருக்கும்: காட்டில் திரியும் பன்றியை வேட்டையாடவும் தடை. காரணம், துப்பாக்கிச் சத்தம் கேட்ட கூட்டம் இரண்டு செத்ததும் நாலாகச் சிதறி, இரவில் மட்டும் நடமாடப் பழகி, புது இடங்களில் குட்டி போடத் தொடங்கும். வேட்டை சுவாரஸ்யமாகிவிட்டால் பன்றியை லாரியில் ஏற்றி ஊர் ஊராக இறக்கிவிடும் ஆட்களும் கிளம்பிவிடுவார்கள், அமெரிக்கத் தென் மாநிலங்களில் பன்றி பரவியதில் இவர்கள் பங்கு சின்னது இல்லை. அதனால் பார்த்தவர்கள் தகவல் சொல்ல வேண்டும் என்றுதான் மாகாணம் கேட்கிறது. கேமரா வைத்து, பல நாள் தீனி போட்டு, மொத்தக் கூட்டமும் உள்ளே வரும்வரை காத்திருந்து கதவை இறக்கும் பெரிய கூண்டுகள்தான் இதில் நன்றாக வேலை செய்கின்றன.