ஒரே ஒரு 'டங்', அதற்குள் ஏழு ஸ்வரம்

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: "என் மகன் கால்குலேட்டர் மாதிரி ஒன்று வாங்கி வந்திருக்கிறான். மேல் உறைகூட இல்லை, சர்க்யூட் போர்டு அப்படியே தெரிகிறது. எவர்சில்வர் டம்ளரை ஸ்பூனால் ஒரு தட்டுத் தட்டி அதில் பதிந்தான். அடுத்த நிமிடம் அதை வைத்தே ஒரு பாட்டு வாசித்துக் காட்டினான். தட்டியது ஒரே ஒரு தடவை. மற்ற ஸ்வரமெல்லாம் எங்கிருந்து வந்தன?"

நல்ல கேள்வி. அவர் சொல்வதை வைத்துப் பார்த்தால் அது பிஓ-33 என்ற பாக்கெட் சாம்பிளராக, அதாவது ஒலியைப் பதிந்து அதையே வாசிக்க வைக்கிற குட்டிக் கருவியாக, இருக்க வேண்டும். ஸ்வீடனில் ஸ்டாக்ஹோம் நகரத்தின் டீனேஜ் எஞ்சினியரிங் நிறுவனம் 2018-இல் கொண்டுவந்தது. என்னிடமும் ஒன்று இருக்கிறது. ரிமோட்டில் போடுகிற சின்ன பேட்டரி இரண்டு, ஒரு குட்டி மைக், ஒரு குட்டி ஸ்பீக்கர், திருகுவதற்கு இரண்டு குமிழ், எண் போட்ட 16 பட்டன். மொத்தம் 40 வினாடி ஒலியைத்தான் அது ஞாபகம் வைத்துக்கொள்ளும். அந்த 40 வினாடியை 16 ஒலிகளுக்குப் பங்கு பிரித்துக் கொடுக்க வேண்டும். எட்டு இடம் மெட்டு வாசிக்க, எட்டு இடம் தாளத்துக்கு.

பதிவு செய்யும் பகுதியைச் சீக்கிரம் கடந்துவிடலாம். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஒலி என்பது காற்றழுத்தத்தின் ஏற்ற இறக்கம், மைக் அதை மின்னழுத்தமாக்குகிறது, ஒரு சில்லு அந்த மின்னழுத்தத்தை வினாடிக்குப் பல ஆயிரம் தடவை அளந்து எண்களாக எழுதி வைக்கிறது. ஒவ்வோர் அளவும் ஒரு சாம்பிள். சிடி-யில் வினாடிக்கு 44,100 அளவுகள். சட்டைப்பைக்குள் போகிற கருவி இன்னும் சிக்கனமாக அளக்கும், அதனால் ஒலி கொஞ்சம் கரகரப்பாக வரும். ஆக, உங்கள் மகன் தட்டிய 'டங்' இப்போது ஒரு நீளமான எண் வரிசை. அவ்வளவுதான்.

இனிமேல் வருவதுதான் எனக்கு உயிரான இடம். கொஞ்சம் பொறுமையாகப் போவோம்.

எண்களை எழுதிய அதே வேகத்தில் திரும்பப் படித்தால் அதே 'டங்' கேட்கும். ஒன்று விட்டு ஒன்று படித்தால்? வரிசை பாதி நேரத்தில் தீர்ந்துவிடும். வினாடிக்கு 1,000 தடவை ஏறி இறங்கிய அலை இப்போது 2,000 தடவை ஏறி இறங்கும். அதிர்வெண் இரட்டிப்பானால் அது மேல் ஷட்ஜம், அதாவது ஒரு ஸ்தாயி மேலே. டம்ளர் இரண்டு வினாடி ரீங்கரித்திருந்தால் மேல் ஸ்தாயியில் ஒரு வினாடிதான் ரீங்கரிக்கும். மகனை வாசிக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், மேலே போகப் போக ஒலி குட்டையாகிக்கொண்டே போவது காதுக்கே தெரியும்.

சரி, ஸ்தாயி கிடைத்துவிட்டது. நடுவில் இருக்கிற ஸ்வரங்கள்? மேற்கத்திய முறையில் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம படிகளாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு படிக்கும் அதிர்வெண் 1.0595 மடங்கு கூடுகிறது. அந்த எண்ணைப் பன்னிரண்டு தடவை பெருக்கினால் 2 வரும். ஸ-விலிருந்து பஞ்சமம் ஏழு படி மேலே, அதாவது ஏறத்தாழ 1.4983 மடங்கு. ஆகவே பஞ்சமம் வேண்டுமென்றால் எண் வரிசையில் 1.4983 என்ற அடி வைத்து நடக்க வேண்டும். முதல் அடி 1.4983-ஆவது இடம், அடுத்தது 2.9966, அதற்கடுத்தது 4.4949. ஆனால் 1.4983-ஆவது இடத்தில் யாரும் எதையும் அளக்கவில்லையே! முதல் அளவு இருக்கிறது, இரண்டாவது அளவு இருக்கிறது, நடுவில் வெற்றிடம்.

அந்த வெற்றிடத்தில் இருந்திருக்க வேண்டிய எண்ணைக் கருவி கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்ளும். நம் 'டங்' ஒலியின் தொடக்கம் 0, 10, 18, 24, 26, 24 என்று பதிவாகியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பூஜ்யத்தை 0-ஆவது இடம் என்று எண்ணினால் 1-ஆவது இடத்தில் 10, 2-ஆவது இடத்தில் 18. 1.4983 என்பது கிட்டத்தட்டப் பாதி வழி, ஆகவே 10-க்கும் 18-க்கும் நடுவே 14. அடுத்து 2.9966, அதாவது 24-ஐத் தொட்டுவிட்ட மாதிரிதான். அடுத்து 4.4949, இது 26-க்கும் 24-க்கும் நடுவே, எனவே 25. இரண்டு புள்ளிக்கு நடுவே நேர்கோடு போடுகிற இந்தக் கணக்கு மிக எளிய முறை. வளைகோடு போட்டால் இன்னும் சுத்தமாக இருக்கும். பஸ் இரண்டு ஊரை எத்தனை மணிக்குக் கடந்தது என்று தெரிந்தால் நடுவில் இருக்கிற ஊருக்கு எப்போது வந்திருக்கும் என்று சொல்லிவிடுகிறோம் இல்லையா, அதே கணக்கு. இதை வினாடிக்குப் பல்லாயிரம் தடவை, அந்தச் சின்ன பேட்டரியில் ஓடிக்கொண்டே அது செய்கிறது. முதன்முதலில் இதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அளக்காத இடத்திலிருந்து ஒரு பஞ்சமம் பிறக்கிறது!

சுத்தமான பஞ்சமம் சரியாக 1.5, நம் தம்புரா கொடுப்பது அதுதான். 1.4983-க்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் மிகச் சிறியது. அந்தர காந்தாரத்தில் இடைவெளி பெரிது: சுத்தமாக 1.25, சம படியில் 1.26. பாடிப் பழகிய காது அதைக் கண்டுபிடித்துவிடும்.

மேலே நடக்கலாம் என்றால் கீழேயும் நடக்கலாம். 0.5 அடி வைத்தால் ஒரு ஸ்தாயி கீழே, ஒலி இரண்டு மடங்கு நீளம். 1987-இல் வந்த எஸ்பி-1200 என்ற சாம்பிளரில் மொத்த ஞாபகமே சுமார் 10 வினாடி. நியூயார்க்கின் ஹிப்-ஹாப் கலைஞர்கள் அந்தப் பத்து வினாடிக்குள் அடங்குவதற்கு ஒரு வழி கண்டார்கள். நிமிடத்துக்கு 33 சுற்று சுற்ற வேண்டிய இசைத்தட்டை 45 சுற்றில் ஓடவிட்டுப் பதிவார்கள். பாட்டு வேகமாக ஓடுவதால் இடம் குறைவாகப் பிடிக்கும். பிறகு கருவிக்குள் அடியைச் சுருக்கிப் பழைய வேகத்துக்குக் கொண்டுவருவார்கள். இடம் மிச்சம், கூடவே ஒரு மங்கலான, மணல் உரசுகிற மாதிரியான தொனி. அந்தத் தொனியே அந்த இசையின் அடையாளமாகிவிட்டது.

இதை 40 வினாடிப் பெட்டியிலும் செய்யலாம். ஒரு எச்சரிக்கை: போனில் வீடியோவை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பதிந்தால் சரியாக வராது. போன் வேகத்தை மட்டும் கூட்டி சுருதியை அப்படியே வைத்திருக்கும். அதைக் கீழே இறக்கினால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற குரல்தான் கிடைக்கும். வேகமும் சுருதியும் சேர்ந்து ஏறுகிற மாதிரி மாற்றித்தரும் எடிட்டர் வேண்டும்.

குரல் என்றதும் இன்னொன்று. உங்கள் குரலில் "ஆ" என்று பதிந்து மேலே வாசித்தால் ஏன் கார்ட்டூன் அணில் மாதிரி கேட்கிறது? நாம் பாடும்போது சுருதி ஏறினாலும் வாய், தொண்டை ஆகிய குகையின் அளவு பெரிதாக மாறுவதில்லை. "ஆ"-வை "ஆ" என்று காட்டுவது அந்தக் குகை எழுப்பும் ஒத்திசைவுகள்தான். சாம்பிளரோ எல்லாவற்றையும் ஒன்றாக இழுத்து மேலே ஏற்றிவிடுகிறது, குகையையும் சேர்த்து. குகை சின்னதாகிவிட்டது, ஆகவே இது சின்னத் தலை என்று மூளை முடிவு செய்கிறது.

ரொம்ப மேலே ஏற்றினால் வேறொரு விருந்தாளியும் வருவார். கருவி வினாடிக்கு 24,000 தடவை அளப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் பாதியான 12,000 வரைக்கும்தான் அதிர்வெண்ணைக் காட்ட முடியும். பதிந்த ஒலியில் 9,000 இருந்து, அதை இரட்டை வேகத்தில் படித்தால் 18,000 ஆக வேண்டும். அதற்கு இடமில்லை. தடுக்க வடிகட்டி இல்லையென்றால் அது மடங்கி 24,000 கழித்தல் 18,000, அதாவது 6,000 என்று கீழே வந்து நிற்கும். சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுற்றுகிற மாதிரி தெரியுமே, அதே நிகழ்வு. பாட்டோடு ஒட்டாத ஒரு கிறீச். சிலருக்கு அது குறை, எனக்குப் பிடிக்கும்.

இந்த இடத்தில் மனதில் இருக்கிற ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "432 ஹெர்ட்ஸ் பிரபஞ்சத்தின் அதிர்வெண், 440-இல் கேட்டால் மனம் கெடும்" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. 440 என்பது மேற்கத்திய இசையில் சுருதி சேர்க்க வைத்திருக்கிற பொது அளவு. 432-இல் நோய் தீரும் என்று சொல்லி விற்கவும் செய்கிறார்கள். 440-இல் பதிந்த எதையும் 0.9818 என்ற அடி வைத்துப் படித்தால் 432 ஆகிவிடும். நடப்பது அவ்வளவுதான். ஹெர்ட்ஸ் என்றால் வினாடிக்கு இத்தனை தடவை. ஒரு நாளை 86,400 ஆகப் பிரித்து வினாடி என்று பெயர் வைத்தது மனிதர்கள். நாம் போட்ட பங்கீட்டை வைத்து எழுதிய ஓர் எண்ணுக்குப் பிரபஞ்சம் எப்படிக் கட்டுப்படும்? ஒரு கட்டை, ஐந்து கட்டை, ஐந்தரைக் கட்டை என்று அவரவர் குரலுக்கு ஏற்ற சுருதியில் பாடுகிற மரபு நம்முடையது. அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் இதை நம்பிப் பணம் கொடுப்பதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

சரி, மெட்டுக்கு வருவோம். பதிந்து முடித்ததும் முதல் வேலை வெட்டுவது. நான் முதலில் பதிந்த டம்ளரில் பாதிக்கு மேல் மின்விசிறிச் சத்தம்தான். ஒரு குமிழைத் திருகினால் ஒலி தொடங்கும் இடம் நகரும், இன்னொன்றைத் திருகினால் நீளம் குறையும். ஸ்பூன் படுகிற அந்தக் கணத்துக்கு மயிரிழை முன்னால் தொடக்கத்தை வைக்க வேண்டும். பின்னால் போனால் தட்டிய கூர்மை போய்விடும், யாரோ ஊதின மாதிரி கேட்கும். அலை உச்சத்தில் இருக்கும்போது வெட்டினால் 'டிக்' என்று ஒரு சத்தம் சேர்ந்துகொள்ளும், ஏனென்றால் ஸ்பீக்கர் தாள் பூஜ்யத்திலிருந்து ஒரே தாவலாக அங்கே குதிக்க வேண்டியிருக்கிறது. அலை பூஜ்யத்தைக் கடக்கிற இடத்தில் வெட்டுங்கள். அப்புறம் 16 பட்டனையும் 16 காலடியாக நினைத்து, எந்தக் காலடியில் எந்த ஸ்வரம் என்று குறித்துக்கொண்டே போனால் மெட்டு தானாகச் சுற்றும். தாளத்துக்கான இடங்களில் பதிந்தால் கருவியே ஒலியைத் துண்டு போட்டுப் பட்டன்களுக்குப் பரப்பிவிடும். கதவு, கைதட்டு, அம்மிக் குழவி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பதிந்துவிடலாம்.

டம்ளரில் மெட்டு வாசித்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். ஒற்றை ஸ்வரமாக வாசித்தால் அழகு, இரண்டைச் சேர்த்து ஒலிக்கவிட்டால் மோதுகிறது. டம்ளரின் அடிப்படை ஸ்வரத்தோடு கூடவே ஒலிக்கிற மேல் ஸ்வரங்கள் 2, 3, 4 மடங்கு என்று ஒழுங்காக அமைவதில்லை. எண் வரிசையில் வைக்கிற அடியை மாற்றினாலும் அந்த விகிதம் மாறாது, எல்லாம் ஒன்றாகவே ஏறி இறங்கும். மூலத்தில் இருக்கிற ஒழுங்கின்மை ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் நகலாகிவிடுகிறது.

சாதாரணத் தோல்வாத்தியமும் அப்படித்தான். இழுத்துக் கட்டிய வட்டத் தோலின் அதிர்வுகள் 1, 1.59, 2.14, 2.30 என்று தாறுமாறாக வரும். அதனால்தான் பெரும்பாலான மேளங்களை மெட்டுக்கான இடத்தில் வைத்தால் வெறும் 'தொப் தொப்'. மிருதங்கம் அப்படியில்லை. 1920-இல் கல்கத்தாவில் இருந்த சி.வி. ராமன், சிவகாளி குமாரோடு சேர்ந்து 'நேச்சர்' இதழில் ஒரு சின்னக் குறிப்பு எழுதினார். நம் மிருதங்கமும் தபலாவும் மற்ற தோல்வாத்தியங்களைப் போல இல்லை, அவற்றின் மேல் ஸ்வரங்கள் தந்திக் கருவியைப் போல ஒழுங்காக அமைந்திருக்கின்றன என்று அதில் காட்டினார். 1934-இல் விரிவாகவே எழுதினார். முதல் ஒன்பது அதிர்வு வகைகள் ஐந்து ஸ்வரங்களாகச் சேர்ந்துகொள்கின்றன, அந்த ஐந்தும் ஏறத்தாழ 1, 2, 3, 4, 5 என்ற விகிதத்தில் நிற்கின்றன. இதைச் செய்வது வலந்தலையின், அதாவது வலது பக்கத் தோலின், நடுவில் சோற்றையும் கல்பொடியையும் குழைத்து அடுக்கடுக்காகப் பூசுகிற அந்தக் கறுப்பு வட்டம். நடுவில் எடை கூடும்போது தாறுமாறான அதிர்வுகள் ஒவ்வொன்றாக இழுபட்டு வரிசைக்கு வந்துவிடுகின்றன.

ராமன் கல்கத்தாவுக்குப் போனது 1907-இல், நிதித் துறை அதிகாரியாக. வேலை நேரம் போக மீதி நேரத்தில் ஆராய்ச்சி செய்ய அவருக்கு இடம் கொடுத்தது, மகேந்திரலால் சர்க்கார் நன்கொடை திரட்டி 1876-இல் தொடங்கிய அறிவியல் சங்கம். பொதுமக்கள் கொடுத்த காசு. இன்று நம் கல்லூரிகளில் ஒலியியல் ஆய்வகம் என்று தனியாக ஒன்று எத்தனை இடத்தில் இருக்கிறது? நாதஸ்வரம், தவில், பறை, உறுமி என்று எல்லாவற்றையும் அளந்து எழுத வேண்டும், அதற்கு அரசு தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மிருதங்கத்துக்குச் சோறு வைக்கிற கைகளின் அனுபவத்தை அந்தக் கைகள் இருக்கும்போதே பதிய வேண்டும்.

ஆகவே வாசகிக்கு ஒரு வேண்டுகோள். தெரிந்தவர் வீட்டில் சுருதி சேர்த்த மிருதங்கம் இருந்தால் மகனை அனுப்புங்கள். 'தீம்' என்று ஒரே ஒரு தட்டு, முழுதாக ரீங்கரித்து அடங்கும்வரை பதியட்டும். இரண்டு வினாடிக்கு மேல் ஆகாது. அதை மெட்டுக்கான இடத்தில் வைத்து ஸ-வையும் ப-வையும் சேர்த்து ஒலிக்கவிடச் சொல்லுங்கள். பிறகு டம்ளரிலும் அதையே செய்யச் சொல்லுங்கள். என் பெட்டியில் மூன்றாவது பட்டனில் இருப்பது அந்தத் 'தீம்'தான், ஆறு மாதமாக அதை நான் அழிக்கவில்லை.