குளிர்காலத்தில் அலொட்மென்டுக்குள் என்ன போகிறது என்று பாருங்கள்

ஒக்டோபர் கடைசியில் போஞ்சிக் கம்புகளைப் பிடுங்கி அடுக்கி, பூசணிக் கொடியை இழுத்துக் கூட்டெருக் குவியலில் போட்டதும், பிரித்தானியாவில் வாழும் நம்மவர்களில் பலர் அலொட்மென்ட் (வாடகைக்கு எடுத்த தோட்டத் துண்டு) கேற்றைப் பூட்டிவிட்டு மார்ச் வரை அந்தப் பக்கம் போவதில்லை. குளிர், மழை, நாலு மணிக்கே இருட்டு. குறை சொல்ல முடியாது. ஆனால் மண்ணுக்கும் தோட்டத்துக்கும் ஆலோசனை சொல்வதைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். "தக்காளி இலை சுருளுது", "கோவா வாடி விழுது", "போஞ்சி முளைச்ச அளவிலேயே நிக்குது" என்று யூன், யூலையில் அழைப்பு வரும். போய்ப் பார்த்தால், அந்தக் கேடு பெரும்பாலும் நவம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில் உள்ளே வந்ததாக இருக்கும். சில வேளை எருவோடு, சில வேளை சப்பாத்தோடு, சில வேளை அயலவர் அன்பாகத் தந்த நாற்றோடு.

பிரித்தானியாவில் ஒரு முழு அலொட்மென்ட் என்பது பழைய கணக்கில் 10 ரொட். ரொட், போல், பேர்ச் மூன்றும் ஒரே அளவுதான். யாழ்ப்பாணக் கணக்கில் 16 பரப்பு ஓர் ஏக்கர், ஒரு பரப்புக்குப் பத்துப் பேர்ச். ஆகவே இங்கே முழுப் பிளொட் கிடைத்தவருக்குச் சரியாக ஒரு பரப்புக் காணி கிடைத்திருக்கிறது, ஏறத்தாழ 253 சதுர மீற்றர். இப்போது காத்திருப்போர் பட்டியல் நீண்டுவிட்டதால் பல இடங்களில் அரைப் பிளொட்தான் கொடுக்கிறார்கள். காணியின் அளவு ஊரோடு பொருந்தினாலும் மண் பொருந்தாது. வலிகாமத்துச் செம்மண்ணில் விழும் மழை கீழே உள்ள சுண்ணக்கல்லுக்குள் இறங்கிவிடும், கொஞ்சம் வெயில் பட்டால் மண்வெட்டி போடலாம். ஹரோ, வெம்பிளிப் பக்கம் காலுக்குக் கீழே இருப்பது இலண்டன் களிமண். நவம்பரில் நனைந்தால் மார்ச் வரைக்கும் காயாது. (தெற்கு இலண்டனில் மிச்சம் (Mitcham) என்ற ஊர்ப் பக்கம் சரளை மண்ணில் தோட்டம் வைத்திருப்பவர்கள் அடுத்த பந்தியைத் தாண்டிப் போகலாம்.)

ஈரக் களிமண்ணில் ஏறி நடப்பதுதான் நான் அடிக்கடி காணும் முதற் கேடு. களித் துகள்களுக்கு இடையில் காற்றும் நீரும் போகும் சிறு துவாரங்கள் இருக்கும். ஈரமாக இருக்கும்போது நம்முடைய பாரம் பட்டால் அவை நசிந்து மூடிக்கொள்ளும். கோடையில் அதே இடம் கல்லாக இறுகி வெடிக்கும், வேர் பக்கவாட்டில் ஓடும், மழை பெய்தால் தண்ணீர் மேலே தேங்கும். சோதித்துப் பார்ப்பது சுலபம். ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டுங்கள். வழுவழுப்பான திரியாக நீண்டால் அன்றைக்குப் பாத்திக்குள் கால் வைக்க வேண்டாம். உதிர்ந்தால் வேலை செய்யலாம். கட்டாயம் இறங்கத்தான் வேண்டுமென்றால் நீளப் பலகை ஒன்றைப் போட்டு அதன் மேல் நில்லுங்கள், பாரம் பரவும். இதைவிட நல்ல வழி, குளிர்காலத்திலேயே பாத்திகளை 1.2 மீற்றருக்கு மேற்படாத அகலத்தில் பிரித்து, நடுவில் நிரந்தர நடைபாதை போட்டுவிடுவது. இரண்டு பக்கமும் நின்று கை எட்டும் தூரம் அது. மரம் வெட்டும் ஆட்களிடம் கேட்டால் மரச்சீவல் சும்மா கொண்டுவந்து கொட்டுவார்கள். அதை நடைபாதையில் தடிப்பாகப் பரப்புங்கள், மண்ணுக்குள் கிளறிவிடாதீர்கள். உக்கும்போது அது மண்ணிலுள்ள நைதரசனைத் தனக்கு இழுத்துக்கொள்ளும்.

களிமண்ணை இலையுதிர் காலத்தில் பெரிய கட்டிகளாகக் கொத்திப் போட்டால் பனி உடைத்துவிடும் என்பது இங்கத்தைப் பழைய தோட்டக்காரர் சொல்லும் முறை. களிக்குள் இருக்கும் நீர் உறைந்து விரியும்போது கட்டி உதிரும் என்பது உண்மைதான். ஆனால் இலண்டனுக்குள் மண் ஆழமாக உறையும் அளவுக்குப் பனி எல்லா வருடமும் விழுவதில்லை. உறையாவிட்டால் மிஞ்சுவது திறந்து கிடக்கும் மண்ணும் அதைக் கழுவும் மழையும். வெறும் மண்ணிலிருந்து நைத்திரேற்று மழையோடு கீழே இறங்கிவிடும். நீங்கள் காசு கொடுத்துப் போட்ட பசளைதான் அது. அதனால் என் கட்சி, மேலே ஐந்து சென்ரிமீற்றர் கூட்டெருவைப் பரப்பி மூடிவிடுவதுதான். மண்புழு தன் வேலையைப் பார்க்கும்.

மண்ணை வெறுமையாக விடாமல் விதைக்கும் மூடுபயிர் நம்மவர்களுக்குப் புதிதல்ல. ஊரில் சணல் விதைத்து உழுதோம், பூவரசங் குழை வெட்டித் தாழ்த்தோம். இங்கே அந்த வேலையைக் குளிர்காலப் புல்லரிசியான கிரேசிங் ரை செய்யும். ஒக்டோபருக்குள் விதைக்க வேண்டும். தவறினால் பீல்ட் பீன்ஸ் நவம்பரிலும் முளைக்கும். ரையை வெட்டிப் புதைத்தபின் சில கிழமை பொறுக்காமல் கரட் போன்ற சிறு விதைகளைப் போட்டால் முளைப்பு மந்தமாகும், அந்தப் புல் விடும் இரசாயனம் அப்படி. எதற்குமே நேரமில்லாதவர்கள் கறுப்புப் படங்கைப் போட்டு ஓரத்தில் கல் வையுங்கள். பழைய காப்பெற் மட்டும் வேண்டாம். அதிலுள்ள செயற்கை நூலும் சாயமும் மண்ணில் தங்கும், பல அலொட்மென்ட் சங்கங்கள் அதைத் தடைசெய்தும் இருக்கின்றன.

இனி எரு. நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

ஊரில் எரு நம் கண்முன் உருவானது. மாடு நம்முடையது, அது தின்ற வைக்கோல் நம் வயலுடையது. தோட்டத்தில் பட்டி அடைத்தால் ஆடு எங்கே மேய்ந்தது என்றும் தெரியும். இங்கே குளிர்காலம் வந்தால் குதிரை லாயங்களிலிருந்து வான் வானாக எரு இலவசமாக வந்து இறங்கும். இலவசம் என்றதும் நாமும் வண்டிலைத் தள்ளிக்கொண்டு போய்விடுவோம். அந்தக் குதிரை தின்ற வைக்கோல், அதாவது காயவைத்த புல், எந்த நிலத்தில் வெட்டியது என்று லாயக்காரருக்கே பெரும்பாலும் தெரியாது, அவரும் அதை வாங்கித்தான் போடுகிறார்.

புல்வெளிகளில் முட்செடி, நெட்டில், டொக் போன்ற களைகளை அழிக்க அமினோபைரலிட், குளோபைரலிட் என்ற களைகொல்லிகளை அடிக்கிறார்கள். புல்லுக்கு ஒன்றும் ஆகாது. மருந்து புல்லின் நாருக்குள் பிணைந்து கிடக்கும். குதிரையோ மாடோ அதைத் தின்றால் வயிற்றில் உடையாமல் சாணத்தோடு வெளியே வரும். எருக் குவியலிலும் இலகுவில் அழியாது. நீங்கள் அதைப் பாத்தியில் போட்டபின், வைக்கோல் உக்க உக்க, மருந்து விடுபட்டு வேருக்குப் போகும். பிரித்தானியாவில் 2008 இல் நாடு முழுக்க அலொட்மென்ட்காரர்கள் பயிரை இழந்த கதை இதுதான். அந்த வருடம் அமினோபைரலிட்டின் அனுமதி நிறுத்தி வைக்கப்பட்டது. 2009 இல் கட்டுப்பாடுகளோடு திரும்பவும் கொடுத்தார்கள். மருந்து அடித்த புல்லைத் தின்ற விலங்குகளின் எரு பண்ணையை விட்டு வெளியே போகக்கூடாது என்பது அந்தக் கட்டுப்பாடுகளின் சாரம். வைக்கோல் மூன்று கை மாறும்போது அந்தச் செய்தி கூடவே போவதில்லை.

எந்தப் பயிர் தாங்காது என்று பார்த்தால் நம் சமையலறைப் பட்டியலே வருகிறது. தக்காளி, மிளகாய், கத்தரி, உருளைக்கிழங்கு, போஞ்சி, பட்டாணி, கரட், சலாது. இளந்தளிர் கிண்ணம் போலக் குவியும், பன்னம் போல் ஒடுங்கிச் சுருளும், நரம்புகள் ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் தெரியும். பலர் இதை வைரஸ் என்று நினைத்துச் செடியைப் பிடுங்கிவிட்டு, அதே பாத்தியில் அதே எருவோடு இன்னொன்றை நடுகிறார்கள்.

இதற்குச் சோதனைக்கூடம் வேண்டாம். குளிர்காலமும் ஒரு யன்னலும் போதும். குவியலில் பல இடங்களிலிருந்து, உள்ளே கை விட்டும், எருவை எடுங்கள். கடையில் வாங்கிய மல்டிபர்பஸ் கொம்போஸ்ரோடு பாதிக்குப் பாதி கலந்து மூன்று நான்கு சாடிகளை நிரப்புங்கள். வெறும் கொம்போஸ்ற் மட்டும் போட்டும் அதே அளவு சாடிகள் வையுங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று புரோட் பீன்ஸ் ஊன்றி, ஒவ்வொரு சாடிக்கும் தனித்தனித் தட்டு வையுங்கள். ஒன்றிலிருந்து வடியும் நீர் மற்றதற்குப் போனால் சோதனை வீண். முளைத்து மூன்று நான்கு கிழமைக்குப் பின் இரண்டு வரிசையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எருச் சாடியில் மட்டும் தளிர் சுருண்டிருந்தால் அந்தக் குவியலைத் தொடவேண்டாம், சங்கத்துக்கும் சொல்லுங்கள். பக்கத்துப் பிளொட்காரரும் அதிலிருந்துதான் அள்ளுவார். இந்தச் சோதனையை நவம்பர், டிசம்பரில் செய்தால் நடவுக்கு முன் முடிவு கையில் இருக்கும். ஏப்ரலில் ஆரம்பித்தால் யாருக்கும் பொறுமை இருக்காது.

ஏற்கனவே போட்டுவிட்டவர்கள் பதற வேண்டாம். மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் அந்த மருந்தை மெல்ல மெல்ல உடைக்கும். அந்தப் பாத்தியைப் பல தடவை கிளறி மண்ணோடு நன்றாகக் கலவுங்கள். அங்கே அந்த வருடம் சோளம் போடுங்கள், அது புல்லினம் என்பதால் தாங்கும். அங்கிருந்து வரும் செடி மிச்சத்தைக் கூட்டெருக் குவியலுக்குள் விடாதீர்கள். அடுத்த வருடம் அதே மண்ணில் புரோட் பீன்ஸ் ஊன்றிப் பார்த்துவிட்டுத் தக்காளிக்குப் போகலாம்.

எருவும் சுண்ணாம்பும் ஒரே நாளில் போடுவது இன்னொரு பழக்கம். சனிக்கிழமை ஒன்று கிடைத்தால் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம். இரண்டும் சேர்ந்தால் எருவின் நைதரசன் அமோனியாவாகிக் காற்றோடு போகும். ஒன்றைப் போட்டுச் சில கிழமை விட்டு மற்றதைப் போடுங்கள். முதலில் மண்ணின் pH, அதாவது புளிப்பின் அளவு, பாருங்கள், கடையில் விற்கும் சிறு பெட்டி போதும். கோவா, கேல், முள்ளங்கி இனங்களுக்கு 7ஐ ஒட்டி இருந்தால் நல்லது. உருளைக்கிழங்குப் பாத்தியில் சுண்ணாம்பு போட்டால் கிழங்கில் சொறி வரும். ஆகவே எங்கே என்ன வரப்போகிறது என்று தாளில் கீறிவிட்டுத்தான் சுண்ணாம்புப் பையை அவிழ்க்க வேண்டும்.

கோவா இனத்துக்கு அந்த அளவு சொல்வதற்கு வேறு காரணமும் உண்டு. கிளப்ரூட் என்ற வேர்வீக்க நோய் புளிப்பு மண்ணில்தான் தலைவிரித்தாடும். ஒருமுறை வந்தால் அதன் வித்துகள் மண்ணில் 20 வருடம் வரை கிடக்கும். வெங்காயம், உள்ளி, லீக்ஸைத் தாக்கும் வெண்ணழுகலும் அப்படித்தான், 15 வருடம் என்று கணக்குச் சொல்வார்கள். இரண்டுக்கும் வீட்டுத் தோட்டக்காரரிடம் மருந்து கிடையாது. இரண்டும் சப்பாத்துச் சேற்றிலும், இரவல் வாங்கிய மண்வெட்டியிலும், மண்ணோடு தந்த நாற்றிலும் வரும். நம்மவர்கள் நாற்றுக் கொடுத்து வாங்கும் பழக்கத்தை விடச் சொல்ல எனக்கு மனமில்லை. கேல் நாற்றை மட்டும் சாடியில் புதுக் கொம்போஸ்றில் வளர்த்துக் கொடுங்கள், பாத்தியிலிருந்து பிடுங்கிக் கொடுக்காதீர்கள். இரவல் ஆயுதத்தைக் கழுவிவிட்டு வாங்குங்கள், கழுவிவிட்டுத் திருப்பிக் கொடுங்கள்.

தாளில் கீறும்போது வெயிலையும் கணக்கில் எடுங்கள். யாழ்ப்பாணத்தில் நண்பகல் வெயில் தலைக்கு மேல். டிசம்பரில் கூட 57 பாகை உயரத்தில் நிற்கும். இலண்டனில் டிசம்பர் 21 நண்பகலில் சூரியன் ஏறத்தாழ 15 பாகைதான் எழும்பும். இரண்டு மீற்றர் போஞ்சிக் கம்பின் நிழல் அன்றைக்கு ஏழு மீற்றரைத் தாண்டும், யூனில் ஒரு மீற்றரளவு. குளிர்காலத்து நிழலைப் பார்த்து ஓர் இடத்தைக் கழித்துவிடவும் வேண்டாம், யூனை நம்பி ஏமாறவும் வேண்டாம். மார்ச் கடைசியிலும் செப்டெம்பர் கடைசியிலும் விழும் நிழல் நடுவாக நிற்கும், இரண்டரை மீற்றர். நண்பகலில் சூரியன் எப்போதும் தெற்கே நிற்பதால் போஞ்சி, சோளம், சூரியகாந்தி எல்லாம் பிளொட்டின் வடக்கு ஓரத்துக்குப் போகவேண்டும். வழியோரம் வசதி என்று தெற்கில் பந்தல் கட்டி, பின்னால் கிடக்கும் கத்தரிக்கு வெயிலில்லாமல் பண்ணிய தோட்டங்களை நிறையப் பார்க்கிறேன்.

மற்றவை சுருக்கமாக. அப்பிள், பெயர்ஸ் மரங்களைக் குளிர்காலத்தில் கவாத்துப் பண்ணலாம். பிளம்ஸ், செரியை இப்போது வெட்டினால் சில்வர் லீப் பூஞ்சணம் காயத்துக்குள் புகும், அவற்றைக் கோடைக்கு விடுங்கள். உள்ளியை ஒக்டோபர், நவம்பரிலேயே ஊன்றுங்கள், குளிர் படாத உள்ளி பல்லாகப் பிரியாது. பல தளங்களில் தண்ணீரைக் குளிர்காலத்தில் நிறுத்திவிடுவதால் கொட்டில் கூரைக்குப் பீலி போட்டு பீப்பாய் வைக்க இதுவே நேரம். ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை ஒரு லீற்றர் நீர்.

கடைசியாக விதை. ஊருக்குப் போய் வரும்போது சூட்கேஸில் மிளகாய் விதையும் தக்காளி விதையும் கொண்டு வருகிறோம். தாவர சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் அது சட்டவிரோதம். தக்காளியையும் மிளகாயையும் தாக்கும் வைரஸ் விதையோடு பயணம் செய்யும் என்பதும் இந்தக் கெடுபிடிக்கு ஒரு காரணம். கொண்டு வந்தாலும் எல்லாம் பலன் தராது. சிறகவரை, பழைய மொச்சை இனங்கள் பகல் குறுகினால்தான் பூக்கும். இங்கே யூனில் பதினாறு மணிநேரப் பகல். கொடி கூரை வரை ஏறும், பூக்கத் தொடங்கும்போது பனி வந்துவிடும். இங்கே விற்கும் மிளகாய் இனங்களில் உறைப்பானதைத் தேடி வாங்கி, ஜனவரி கடைசிக்கும் பெப்ரவரி நடுவுக்கும் இடையில் போடுங்கள். முளைக்க 21 முதல் 27 பாகை செல்சியஸ் வேண்டும், யன்னல் ஓரம் மட்டும் அந்தச் சூட்டைத் தராது. சூடேற்றும் தட்டு ஒன்று வாங்குங்கள், அல்லது முளைக்கும் வரை ஹீட்டர் குழாய் ஓடும் அலுமாரிக்குள் வையுங்கள். முளை தெரிந்த அன்றே வெளிச்சத்துக்குக் கொண்டு வாருங்கள். அலொட்மென்டுக்குக் கொண்டு போவது மே கடைசியில், அதுவும் ஒரு கிழமை பகலில் வெளியே வைத்து இரவில் உள்ளே எடுத்துப் பழக்கிய பிறகு.